கடை வண்டிக்கும் தராசு வேண்டும்!

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் போச்சம்பள்ளி வாரச்சந்தைக்குப் போகும் சாலையில் சற்று நேரம் நின்று பார்த்தால், நம் வணிகம் எந்தக் கால்களில் நடக்கிறது என்பது விளங்கும். லாரியும் மினி வேனும் ஒரு பக்கம் இருக்கட்டும். மத்தூர், அரசம்பட்டி, சந்தூர், பாரூர், நாகரசம்பட்டி என்று சுற்றுவட்டார ஊர்களிலிருந்து வரும் சின்னக் கடைக்காரர்களுக்கு இரண்டு சக்கர வண்டிதான் துணை. முன்னால் ஓர் அரிசி மூட்டை, பின்னால் ஓர் எண்ணெய் டின், கைப்பிடியில் தொங்கும் இரண்டு பைகள். நடுவில் எப்படியோ இடம் பிடித்துக்கொண்டு கடைக்காரர் உட்கார்ந்திருப்பார். இந்த வரிசையில் நீலப் புகை விட்டுக்கொண்டு வரும் பழைய இரண்டு ஸ்ட்ரோக் வண்டிகளை இன்றும் காணலாம்.

வணிக நண்பர்களே! விலைவாசி, வரி, ஆன்லைன் போட்டி என்று எத்தனையோ பெரிய விஷயங்களைப் பற்றி இந்தப் பக்கங்களில் நாம் பேசி வருகிறோம். இந்த முறை ஒரு சிறிய விஷயத்தைப் பேசப்போகிறோம். ஆனால் நம் சட்டைப் பையிலிருந்து மாதாமாதம் சத்தமில்லாமல் பணம் எடுக்கும் விஷயம் அது. தேய்ந்துபோன இரண்டு ஸ்ட்ரோக் இன்ஜினை என்ன செய்வது? வேலை பார்ப்பதா, கைகழுவுவதா? வேலை பார்ப்பதென்றால் எப்படிப் பார்ப்பது?

எங்கள் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். முழுதாகச் செய்யுங்கள், இல்லையேல் விட்டுவிடுங்கள். அரைகுறை வேலைதான் எல்லாவற்றிலும் அதிகச் செலவு. எதைச் செய்வதானாலும், அளந்து பார்த்த பிறகு செய்யுங்கள். வாடிக்கையாளருக்கு 100 கிராம் சீரகத்தைக்கூட எடை போட்டுக் கொடுக்கும் நாம், நம் வண்டி விஷயத்தில் மட்டும் கண்மதிப்பில் முடிவு எடுக்கிறோம்.

எங்கள் அனுபவம்

பிறர் குறையைச் சொல்வதற்கு முன் எங்கள் குறையைச் சொல்வதுதான் முறை. எங்கள் கடையில் ஒரு பழைய மொபெட் இருந்தது. ஆண்டுக்கணக்கில் சரக்கு சுமந்த வண்டி. ஒரு கட்டத்தில் இழுவை குறைந்தது, புகை கூடியது, பெட்ரோல் அதிகம் குடித்தது. மெக்கானிக்கிடம் கொண்டுபோனோம். அவர் ஹெட்டைக் கழற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அண்ணா, போர் தேஞ்சிருக்கு. ரீபோர் போட்டு, பெரிய பிஸ்டன் போடணும். கிராங்க் சீலும் மாத்திடலாம். ஒரேடியா முடிச்சிடலாம்."

நாங்கள் என்ன செய்தோம்? கடையில் வாடிக்கையாளர் நம்மிடம் பேரம் பேசுவதுபோல் அவரிடம் பேரம் பேசினோம். "இப்போதைக்கு ரிங் மட்டும் போடுங்க, மத்ததைத் தீபாவளிக்கு அப்புறம் பார்த்துக்கலாம்" என்றோம். அவர் தயங்கினார், எச்சரித்தார், கடைசியில் நாங்கள் கேட்டபடி செய்து கொடுத்தார். பாதிக்கும் குறைவான செலவில் முடித்துவிட்டோம் என்ற பெருமிதத்தோடு வீடு திரும்பினோம்.

வண்டி சில வாரம் நன்றாகத்தான் ஓடியது. அப்புறம் பழைய கதை. கடைசியில் ஒரு சந்தை நாளில், முழுச் சுமையோடு ஏற்றத்தில் வரும்போது இன்ஜின் சீஸ் ஆகிப் பின்சக்கரம் இறுகிக்கொண்டது. வண்டி இழுத்துப் பக்கவாட்டில் சாய்ந்தது. பின்னால் பெரிய வண்டி எதுவும் வரவில்லை. அது எங்கள் நல்ல காலம். ஓர் எண்ணெய் டின் நசுங்கி ஒழுகியது, ஒரு மூட்டை பிரிந்தது. சந்தை வியாபாரம் அன்றைக்குப் போனது. பிறகு செய்த முழு வேலைக்கு, முதலில் சொன்ன தொகையைவிடக் கூடுதலாக ஆனது. மிச்சம் பிடித்த பணமும் போயிற்று, மேற்கொண்டும் போயிற்று.

இதில் மெக்கானிக்கின் தவறு எதுவும் இல்லை. தவறு முழுக்க எங்களுடையது. ஆகவேதான் இதை எழுதுகிறோம்.

இன்ஜினுக்குள் என்ன நடக்கிறது?

நம்மில் பலருக்கு இன்ஜின் என்றால் மூடி வைத்த பானை. கொஞ்சம் தெரிந்து வைத்துக்கொண்டால் பணம் மிஞ்சும்.

நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் காற்றையும் பெட்ரோலையும் உள்ளே விடுவதற்கும், புகையை வெளியே தள்ளுவதற்கும் தனித்தனி வால்வுகள் உண்டு. நாம் சொல்லும் பழைய ஸ்கூட்டர், மொபெட்டுகளின் இரண்டு ஸ்ட்ரோக் இன்ஜினில் அவ்வகை வால்வுகள் கிடையாது. சிலிண்டர் சுவரில் உள்ள துவாரங்களைப் பிஸ்டனே மேலும் கீழும் போகும்போது திறந்து மூடுகிறது. பெட்ரோல் கலந்த காற்று முதலில் பிஸ்டனுக்குக் கீழே, கிராங்க் சுழலும் அறைக்குள் வருகிறது. பிஸ்டன் இறங்கும்போது அங்கே அழுத்தப்பட்டு, பக்கத் துவாரம் வழியாக மேலே ஏறி எரிகிறது. அதாவது கிராங்க் அறையும் ஒரு பம்பு போல வேலை செய்கிறது.

இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால், "ரிங் மட்டும் போடுங்க" என்பது ஏன் பயனில்லாத பேச்சு என்பது விளங்கும். பம்பு என்றால் காற்று கசியக் கூடாது. கிராங்கின் இரு பக்கமும் ஆயில் சீல் என்ற ரப்பர் வளையங்கள் அந்த அறையை அடைத்து நிற்கின்றன. ஆண்டுகள் ஆக ஆக இந்த ரப்பர் விறைத்துப்போகும். மேக்னெட் பக்கத்துச் சீல் போனால் வெளிக்காற்று உள்ளே நுழையும். கலவையில் பெட்ரோல் குறைந்து, காற்று கூடி, இன்ஜின் சூடேறும். ஆக்ஸிலேட்டரை விட்ட பிறகும் வண்டி உறுமிக்கொண்டே இருக்கும். சேத்தக் போன்ற கியர் ஸ்கூட்டரில் கிளச் பக்கத்துச் சீல் போனால் கியர் ஆயிலை இன்ஜின் உறிஞ்சும். புகை அடர்த்தியாக வரும், கியர் ஆயில் காரணமில்லாமல் குறையும்.

சீல் கசியும் இன்ஜினில் புது ரிங் போடுவது, ஓட்டை டின்னில் புது மூடி போடுவது போல. மூடி இறுக்கமாகத்தான் இருக்கும், எண்ணெய்தான் மிஞ்சாது.

இன்னொன்று, போர் எனப்படும் சிலிண்டரின் உள்வட்டம். பிஸ்டன் ஓடி ஓடி அது சமமாகத் தேய்வதில்லை. மேற்பகுதியில் அதிகம் தேயும், அடியில் குறைவாகத் தேயும். வட்டமும் வட்டமாக இராமல் நீள்வட்டமாகும். புது ரிங் உருண்டையான வளையம். முட்டை வடிவில் தேய்ந்துபோன குழிக்குள் அது எப்படிப் பொருந்தும்? எரியும் வாயு இடைவெளி வழியாகக் கீழே இறங்கும். பலம் குறையும், பிஸ்டன் மேலும் சூடேறும்.

அளந்து பார்ப்பது எப்படி?

நம் கடைத் தராசுக்கு அரசு முத்திரை வேண்டும் என்பது சட்டம். முத்திரை இல்லாத எடைக்கல்லை வைத்துக்கொண்டு யாரும் துணிந்து வியாபாரம் செய்வதில்லை. அதே ஒழுங்கை இன்ஜின் வேலையிலும் கடைப்பிடிக்க வேண்டும் என்பதே எங்கள் வேண்டுகோள்.

நல்ல லேத் பட்டறையில் போரை அளக்கத் தனிக் கருவி உண்டு. மேல், நடு, அடி என மூன்று மட்டங்களில், ஒவ்வொன்றிலும் இரண்டு திசைகளில் அளப்பார்கள். அது கைவசம் இல்லாத இடத்திலும் ஓர் எளிய சோதனை இருக்கிறது. ஒரு ரிங்கைப் பிஸ்டனில் மாட்டாமல் தனியாகப் போருக்குள் நேராக இறக்கி, அதன் இரு முனைகளுக்கும் நடுவே உள்ள இடைவெளியை மெல்லிய தகடுகளால் அளக்க வேண்டும். முதலில் அதிகம் தேய்ந்த மேற்பகுதியில், பிறகு தேயாத அடிப்பகுதியில். விட்டத்தில் 0.10 மில்லிமீட்டர் தேய்ந்திருந்தால், இந்த இடைவெளி ஏறத்தாழ 0.31 மில்லிமீட்டர் கூடும். தேய்மானம் மூன்று மடங்காகப் பெருகித் தெரிவதால் கண்ணை ஏமாற்ற முடியாது. நீங்கள் பக்கத்தில் நின்றே பார்த்துக்கொள்ளலாம்.

தேய்ந்திருந்தால் ரீபோர்தான். சேத்தக்கின் போர் விட்டம் 57 மி.மீ., எக்ஸ்.எல். சூப்பரின் விட்டம் 46 மி.மீ. இவை கம்பெனி அளவு. தேய்ந்த போரை அடுத்த அளவுக்குக் கடைந்து, அதற்கேற்ற பெரிய பிஸ்டன் போடுவார்கள். வழக்கமாக 0.25, 0.50, 0.75, 1.00 என்று மில்லிமீட்டர் கணக்கில் அளவு கூடிக்கொண்டே போகும். தேவைக்கு மேல் ஒரே தடவையில் அதிகம் கடைந்துவிட்டால், அடுத்த முறைக்குச் சிலிண்டரில் இரும்பு மிஞ்சாது. ஆகவே எந்த அளவுக்குக் கடைந்தார்கள் என்பதைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

மெக்கானிக்கிடம் கேட்க வேண்டியவை இவைதாம்:

ஒன்று: பிஸ்டனை முதலில் வாங்கி, லேத் பட்டறையில் கொடுத்து, அதை அளந்த பிறகு போரைக் கடைந்தார்களா? டப்பா மேல் அச்சிட்ட அளவை நம்பிக் கடையக் கூடாது. பிஸ்டனுக்கும் போருக்கும் நடுவே விட வேண்டிய இடைவெளி வண்டிக்கு வண்டி மாறும். அதை அந்த வண்டிக்குரிய கணக்குப்படி விட வேண்டும்.

இரண்டு: கடைந்த பிறகு சிலிண்டர் சுவரில் உள்ள துவாரங்களின் விளிம்பை மழுக்கினார்களா? கூர்மையாக விட்டால் ரிங் அதில் மாட்டி உடையும்.

மூன்று: கனெக்டிங் ராடில் மேலும் கீழுமாக ஆட்டம் இருக்கிறதா? பக்கவாட்டு அசைவு சிறிது இருக்கலாம். ஆனால் மேல் கீழ் ஆட்டம் இருந்தால் கிராங்கைப் பிரித்து ராடு, பேரிங் மாற்ற வேண்டும். இந்தக் கிராங்க் துண்டு துண்டாக அழுத்திச் சேர்க்கப்பட்டது. பிரஸ்ஸில் வைத்துக் கழற்றி, மறுபடி சேர்த்து, கோணல் இல்லாமல் சுழல்கிறதா என்று பார்க்கத் தெரிந்தவரிடம்தான் கொடுக்க வேண்டும்.

நான்கு: இரண்டு பக்க ஆயில் சீலும், கிராங்க் பேரிங்கும் மாற்றினார்களா? இன்ஜினைப் பிரித்த பிறகு சீலை மட்டும் பழையதாக விடுவது, வீட்டைச் சுண்ணாம்பு அடித்துவிட்டு ஒழுகும் ஓட்டை அப்படியே விடுவதற்குச் சமம்.

ஐந்து: புகைத் துவாரத்திலும் சைலன்சரிலும் படிந்த கரியை எடுத்தார்களா? காற்று ஃபில்டரைச் சுத்தம் செய்தார்களா? புகை வெளியேற வழி இல்லாத இன்ஜின், மூக்கு அடைத்தவன் மூட்டை தூக்குவது போல மூச்சுத் திணறும்.

கூலியில் பேரம் வேண்டாம்

இங்கே நாம் மனம் திறந்து பேச வேண்டும். உதிரிபாகத்தின் விலையை டப்பாவில் பார்க்கிறோம், பேசாமல் கொடுக்கிறோம். மெக்கானிக்கின் கூலியில்தான் 50க்கும் 100க்கும் மல்லுக்கட்டுகிறோம். அவர் என்ன செய்வார்? நாம் குறைத்த தொகைக்கு ஏற்ப வேலையைக் குறைப்பார். அளக்கும் நேரத்தைக் குறைப்பார். அது நம் கண்ணில் படாது.

"எடையில் குறைத்துக் கொடுத்தாலும் பரவாயில்லை, விலையைக் குறையுங்கள்" என்று கேட்கும் வாடிக்கையாளரைப் பார்த்து நாம் சிரிப்போம். இன்ஜின் வேலையில் நாமே அந்த வாடிக்கையாளராகி நிற்கிறோம்.

புதிய இரண்டு ஸ்ட்ரோக் வண்டி இன்று எந்த ஷோரூமிலும் கிடையாது. புதிதாகத் தொழிலுக்கு வரும் இளைஞர்கள் இந்த இன்ஜினைக் கற்க வேண்டிய தேவையும் குறைந்துகொண்டே வருகிறது. காது கொடுத்துக் கேட்டே கோளாறு சொல்லும் கைகள் நம் ஊர்களில் இன்னும் இருக்கின்றன. அந்தக் கைகளுக்குரிய கூலியைக் கொடுத்து, உதிரிபாகத்துக்குப் பில் கேட்டு வாங்குவோம். 2025 செப்டம்பர் 22 முதல் இருசக்கர வண்டி உதிரிபாகங்களுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. பில் இல்லாத மலிவுப் பிஸ்டனைத் தேடி ஓட இனி என்ன காரணம் இருக்கிறது?

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

வேலை செய்வது லாபமா? இதற்குப் பொதுவான பதில் கிடையாது. அவரவர் வண்டிக்கு அவரவர் கணக்கு.

உதாரணத்துக்கு ஒரு கணக்கு. நல்ல நிலையில் லிட்டருக்கு 50 கிலோமீட்டர் கொடுத்த வண்டி, தேய்ந்தபின் 35 கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 40 கிலோமீட்டர் ஓட்டம். முன்பு 0.80 லிட்டர் பெட்ரோல் போதும், இப்போது 1.14 லிட்டர் வேண்டும். லிட்டர் 100 ரூபாய் என்றால், நாளைக்கு 34 ரூபாய் நஷ்டம். மாதம் 25 நாள் ஓட்டினால் 850 ரூபாய். ஆண்டுக்குப் பத்தாயிரத்தைத் தாண்டும். இதில் 2டி ஆயில், அடிக்கடி மாற்றும் பிளக், நடுவழியில் நின்ற நாள்களின் வியாபாரம் சேரவில்லை. உங்கள் வண்டிக்கு இந்தத் தொகையை நீங்களே கணக்கிட்டு, மெக்கானிக் சொல்லும் முழு வேலைச் செலவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஓராண்டுக்குள் செலவு திரும்புமானால் வேலை செய்வது நியாயம். இரண்டு மூன்று ஆண்டு ஆகுமானால் யோசிக்க வேண்டும்.

இன்ஜினை மட்டும் பார்த்தால் போதாது. கீழ்த்தட்டும் சேஸிசும் துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தால் இன்ஜினுக்குச் செலவு செய்வது வீண். ஆர்.சி. புத்தகத்தையும் எடுத்துப் பாருங்கள். பதிவு செய்து 15 ஆண்டு ஆன சொந்த வண்டிக்குப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அதற்கான கட்டணம் 2022 ஏப்ரல் 1 முதல் இருசக்கர வண்டிக்கு 1,000 ரூபாய் ஆனது. 20 ஆண்டைத் தாண்டிய வண்டிக்கு 2025 ஆகஸ்ட்டில் 2,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. பசுமை வரி தனி. இதையும் வண்டிச் செலவில் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

ஓர் எச்சரிக்கை. "எதற்கு ரீபோர்? காயலான் கடையில் நல்ல இன்ஜின் கிடக்கிறது, அப்படியே தூக்கி மாட்டிவிடலாம்" என்று யாராவது யோசனை சொன்னால் சற்று நில்லுங்கள். இன்ஜின் நம்பர் இருப்பது கிராங்க் கேஸில். சிலிண்டரைக் கடைந்தாலும் மாற்றினாலும் அந்த நம்பர் மாறாது. கேஸையே மாற்றினால் ஆர்.சி.யில் உள்ள நம்பரும் வண்டியில் உள்ள நம்பரும் பொருந்தாது. முறையாகப் போக்குவரத்து அலுவலகத்தில் பதிவு செய்யாவிட்டால் இன்சூரன்ஸ் கேட்கும் இடத்திலும் வாகனச் சோதனையிலும் மாட்டிக்கொள்வோம். அந்த இன்ஜின் திருட்டு வண்டியிலிருந்து வந்ததென்றால் நம் கடையின் பெயரே கெடும்.

வேலை முடிந்த பிறகு

நல்ல வேலை செய்து வாங்கிய இன்ஜினை ஒரே வாரத்தில் கெடுப்பவர்களும் நாமே.

புதுப் பிஸ்டன் போட்ட இன்ஜின், முதல் பிரசவம் கழிந்த தாயைப் போல. கொஞ்ச நாள் பக்குவமாகப் பார்க்க வேண்டும். குறைந்தது முதல் 500 கிலோமீட்டருக்கு முழுச் சுமை ஏற்றாதீர்கள், ஆக்ஸிலேட்டரை முழுதாகத் திருகியே ஓட்டாதீர்கள், நெடுந்தூரம் நிற்காமல் போகாதீர்கள். ஆகவே வேலையைத் தீபாவளி நெருக்கத்தில் ஐப்பசியில் கொடுக்காமல், வியாபாரம் மந்தமாக இருக்கும் ஆடியிலேயே கொடுத்து முடியுங்கள்.

அடுத்தது 2டி ஆயில். இவ்வகை இன்ஜினில் பிஸ்டனுக்கும் பேரிங்குக்கும் பெட்ரோலில் கலந்த ஆயில்தான் ஒரே மசகு. லிட்டருக்கு 20 மில்லி என்பது நல்ல ஆயிலுக்குரிய பொதுவான அளவு. புது வேலைக்குப் பிறகு சற்றுக் கூட்டச் சொன்னால் மெக்கானிக் சொல்படி கூட்டுங்கள். நல்லெண்ணெயை மில்லி கணக்கில் அளந்து விற்கும் நாம், பெட்ரோல் பங்க்கில் மூடி நிறையக் கண்மதிப்பில் ஊற்றுகிறோம். குறைந்தால் பிஸ்டன் உரசி இறுகும். கூடினால் கரி பிடிக்கும், புகை பெருகும். வண்டிப் பெட்டியில் ஓர் அளவுக் குப்பி வைத்துக்கொள்வது பெரிய வேலை இல்லை.

இப்போது பங்க்குகளில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். பழைய ரப்பர்க் குழாய்களை ஊறச் செய்யும். எத்தனால் கலந்த பெட்ரோல் எரிய, அதே காற்றுக்குச் சற்றுக் கூடுதல் எரிபொருள் வேண்டும். பழைய கார்புரேட்டருக்கு அது தெரியாது. ஆகவே கலவை மெலிந்து சூடு கூடலாம். வேலை முடிந்து நூறு கிலோமீட்டர் ஓடியதும் பிளக்கைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். காப்பிப் பொடி நிறத்தில் இருந்தால் நலம். வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை. கறுத்து ஈரமாக இருந்தால் அதிகம். வண்டி பல நாள் நிற்கப் போகிறதென்றால் டேங்க்கில் பழைய பெட்ரோலை விட்டு வைக்காதீர்கள்.

சுமை பற்றியும் ஒரு சொல். மொபெட்டின் இன்ஜின் எதிர்க்காற்றில்தான் குளிர்கிறது. அளவுக்கு மீறிய பாரத்தோடு ஏற்றத்தில் ஊர்ந்து போகும்போது காற்றும் இல்லை, வேகமும் இல்லை, சூடு மட்டும் உண்டு. ஒரே நடையில் கொண்டுபோய் மிச்சம் பிடிக்கும் பெட்ரோலைவிட, பிஸ்டனுக்கு அழும் பணம் அதிகம்.

மறுபக்கத்தையும் பார்ப்போம்

இவ்வளவு சொன்னதால் இரண்டு ஸ்ட்ரோக்கை என்றென்றும் கட்டிக்கொண்டு அழுங்கள் என்று நாங்கள் சொல்வதாகக் கொள்ளக் கூடாது. இந்த இன்ஜினுக்குப் பிறவிக் குறை ஒன்று உண்டு. புகை வெளியேறும் அதே நேரத்தில் புதுக் கலவை உள்ளே வருவதால், ஒரு பகுதி எரியாமலேயே வெளியே போய்விடுகிறது. தெற்காசிய நகரங்களைப் பற்றி 2000ஆம் ஆண்டில் உலக வங்கி வெளியிட்ட அறிக்கை, இப்படி எரியாமல் போவது 15 முதல் 40 சதவீதம் வரை இருக்கலாம் என்று கூறியது. டாக்கா நகரில் 2003 தொடக்கத்தில் இரண்டு ஸ்ட்ரோக் ஆட்டோக்களைத் தடை செய்தே விட்டார்கள். அந்தப் புகையை முதலில் சுவாசிப்பவர்கள் நம் கடை வாசலில் நிற்கும் வாடிக்கையாளர்களும், கல்லாவில் உட்கார்ந்திருக்கும் நாமும்தான். முழு வேலை செய்து, சீல் மாற்றி, ஆயிலை அளந்து ஊற்றினால் புகை வெகுவாகக் குறையும், அறவே நிற்காது.

காலமும் மாறிவிட்டது. 1980இல் நம் ஓசூரிலிருந்துதான் டி.வி.எஸ். 50 என்ற மொபெட் சாலைக்கு வந்தது. அன்று ஓசூர் தர்மபுரி மாவட்டம். கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004இல். சைக்கிளில் சரக்கு சுமந்த சின்னக் கடைக்காரரை இன்ஜின் வண்டிக்கு ஏற்றிவிட்டது அந்த மொபெட்தான் என்றால் மிகையில்லை. 1972இல் வந்த பஜாஜ் சேத்தக்கை வாங்க ஆண்டுக்கணக்கில் காத்திருந்த காலமும் ஒன்று உண்டு. அதே எக்ஸ்.எல். வரிசையில் 2015இல் நான்கு ஸ்ட்ரோக் எக்ஸ்.எல். 100 வந்துவிட்டது. சேத்தக் என்ற பெயர் 2020இல் மின்சார ஸ்கூட்டராகத் திரும்பி வந்தது. நம் போச்சம்பள்ளி சிப்காட் பகுதியில் மின்சார ஸ்கூட்டர் தொழிற்சாலை அமைக்க 2020 டிசம்பரில் ஒப்பந்தம் ஆனது. ஓலா நிறுவனம் 500 ஏக்கரில் அதை அமைத்து, 2021 ஆகஸ்ட் 15 அன்று தன் முதல் ஸ்கூட்டரை அறிமுகப்படுத்தியது. பழைய மொபெட் சந்தைக்குப் போகும் நம் வட்டாரத்திலேயே, பிஸ்டனே இல்லாத வண்டியும் தயாராகிறது.

ஆகவே கணக்கு எதிராக வந்தால் தயங்காமல் மாறுங்கள். ஆனால் கணக்குப் போட்டு மாறுங்கள். கடன் தவணையைச் சந்தை வருமானம் தாங்குமா, தேவையான சுமையை அந்த வண்டி தாங்குமா, நம் ஊரில் சர்வீஸ் கிடைக்குமா, மின்சார வண்டி என்றால் சார்ஜ் ஏற்றக் கடையில் வசதி உண்டா என்று பார்த்து மாறுங்கள். புது வண்டி வாங்கியதாலேயே பழைய பழக்கம் போய்விடாது. அளக்காமல் சுமை ஏற்றுபவர் எந்த வண்டியையும் கெடுப்பார்.

சங்கங்கள் செய்யக்கூடியது

இறுதியாக ஒரு யோசனை. நம் ஊர்ச் சங்கங்கள் ஆண்டுக்கு ஒருமுறை, ஆடி மாதத்தில் ஒரு நாள், உள்ளூர் மெக்கானிக்குகளையும் லேத் பட்டறைக்காரர்களையும் அழைத்து உறுப்பினர்களோடு உட்கார வைக்கலாம். எந்த வண்டிக்கு எது முழு வேலை, அதற்கு நியாயமான கூலி எவ்வளவு, என்னென்ன பாகம் மாற்ற வேண்டும் என்பதை ஒரு தாளில் எழுதி இரு தரப்பும் ஒப்புக்கொள்ளலாம். வேலைக்குக் கொடுக்கும்போது ஒரு சீட்டு. அதில் தேதி, கிலோமீட்டர், போரின் அளவு, போட்ட பிஸ்டனின் அளவு, மாற்றிய பாகங்கள். கடன் நோட்டு, வரவு நோட்டு என்று பல நோட்டுகளை வைத்திருக்கும் நமக்கு வண்டி நோட்டு ஒன்று பாரமாகாது. பிறகு சண்டைக்கும் இடமில்லை, சந்தேகத்துக்கும் இடமில்லை.

அன்று எங்கள் மெக்கானிக் சொன்னதைக் கேட்டிருந்தால், சாலையில் ஒழுகிய எண்ணெயைப் பார்த்து நிற்கும் நிலை வந்திருக்காது. அந்த நாள் எங்களுக்குப் பாடம். அதே பாடத்தை நீங்களும் காசு கொடுத்துக் கற்க வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதினோம்.

அடுத்த சந்தைக்கு முன் உங்கள் வண்டியை ஒருமுறை உற்றுப் பாருங்கள். அளந்து பாருங்கள். கணக்கு எழுதிப் பாருங்கள். பிறகு முடிவு செய்யுங்கள்.